கோதுகளை எண்ணும் மேசை

என் தங்கையின் மகனான மருமகனுடைய வீட்டின் நிலவறையில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்து மூலையில், கனமான ஒரு மரமேசை சுவரோடு சேர்த்துத் திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது. அதன் மேல், ஒரு காலத்தில் ஊறுகாய் இருந்த பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றில், வெற்றுத் தோட்டாக் கோதுகள் கழுத்துவரை நிரம்பிக் கிடந்தன. 2023 ஆம் ஆண்டு செப்ரெம்பரில், ஓய்வு பெற்ற பின் முதன்முதலாக என் தங்கையிடம் ரொறன்ரோவுக்குப் போயிருந்தபோது கண்ட காட்சி இது. கோதுகள் அப்போதுதான் புளிபோட்டு விளக்கிய குத்துவிளக்கைப் போல மின்னின. எடுத்துப் பார்க்க நீட்டிய என் கை, பாதியில் நின்றுவிட்டது.

மட்டக்களப்பில் என் வயதையொத்தவர்களுக்கு இந்தக் கோது புதிய பொருளன்று. வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வேலியோரத்து மணலைக் காலால் கிளறினாலே இது வரும் காலம் ஒன்று இருந்தது. நான் இரசாயனவியல் கற்பித்த பாடசாலைக்கு மாணவர்கள் இவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். கலப்புலோகம் படிப்பிக்கும் நாளில் ஒன்றை வாங்கி, இதில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு நாகம், ஆழமாக இழுத்து வளைத்தாலும் கிழியாத பித்தளை இதுதான் என்று சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, இனிமேல் இதைப் பொறுக்கிக்கொண்டு வரக்கூடாது என்று கண்டித்துமிருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் கோதைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். நடுவில் குழி விழுந்திருந்தால் வெடித்தது, குழி இல்லையென்றால் வெடிக்காதது. அந்த அறிவை அவர்களுக்கு நான் கற்பிக்கவில்லை.

"பயப்படாதீங்க மாமா, இதெல்லாம் நானே சுட்டு நானே பொறுக்கிக்கொண்டு வந்தது" என்றான் மருமகன். அவன் அங்கே ஒரு குறிசுடும் கழகத்தில் பல வருடங்களாக உறுப்பினன். கனடாவில் கைத்துப்பாக்கி என்பது கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதம். பயிற்சியும் பரீட்சையும் முடித்து அதற்கென்று தனி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், விளையாட்டுக்காக வைத்திருப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் மட்டுமே சுடலாம், கொண்டு செல்லும்போது பூட்டிய பெட்டியில் வைத்திருக்க வேண்டும். 2022 ஒக்ரோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் அங்கே முடக்கப்பட்டுவிட்டன. அதற்கு முன் வாங்கிய இரண்டு அவனிடம் உண்டு: 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ஒன்று, பொயின்ற் 38 ஸ்பெஷல் ரிவோல்வர் ஒன்று. இந்த இரண்டுக்கும் வேண்டிய தோட்டாக்களை அவன் வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறான். தன் சொந்தப் பாவனைக்காக இவ்வாறு மீள்நிரப்புவது அங்கே சட்டப்படி குற்றமில்லை. வட அமெரிக்காவில் மீன்பிடித் தூண்டில் கட்டுவதைப் போல இதுவும் பலருடைய பொழுதுபோக்கு.

இலங்கையில் நிலைமை முற்றிலும் வேறு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இருக்கும் நாட்டில், வீட்டு மேசையில் வெடிமருந்தை வைத்துத் தோட்டா நிரப்புகிறவர் செல்லும் இடம் மறியற்சாலை. ஆகவே நான் எழுதுவது அங்கே அவனருகில் இருந்து இரண்டு மாதங்கள் பார்த்ததைத்தான். எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்து எத்தனை நிறை என்ற அளவு எதையும் இதில் எழுதப் போவதில்லை. அதற்கு இங்குள்ள சட்டம் ஒரு காரணம், வேறொரு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தோட்டா என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது நான்கு பொருள்களின் கூட்டு. பித்தளைக் கோது, அதன் அடியில் பொருத்திய பிரைமர் எனும் சிறு எரியூட்டிக் கிண்ணம், உள்ளே மருந்து, வாயில் இருத்திய சன்னம். சுட்டபின் மருந்து புகையாகிவிடும், சன்னம் மண்மேட்டில் புதைந்துவிடும், பிரைமர் நசுங்கிவிடும். திரும்பக் கிடைப்பது கோது மட்டுமே. நான்கிலும் செய்வதற்கு அதிக வேலை பிடிக்கும் பொருளும் அதுவே என்பதால், அதை எறிய மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த கலைதான் இந்த மீள்நிரப்பல்.

எல்லாக் கோதும் இதற்கு உதவாது என்பதை முதல் நாளிலேயே அவன் காட்டினான். ஒரு கோதின் உள்ளே மின்சூள், அதாவது டோர்ச், அடித்துப் பார்க்கச் சொன்னான். அடியில் நட்டநடுவே ஒரு துளை தெரிந்தது. அது பொக்ஸர் முறை. சில வகைக் கோதுகளில் நடுவில் துளை இராது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள் இருக்கும்; அது பேர்டன் முறை. நடுவில் துளை இருந்தால் ஒரு ஊசியை உள்ளே விட்டுப் பழைய பிரைமரை நேரே தள்ளி வெளியேற்றலாம். இரண்டு துளை என்றால் ஊசிக்கு வழியில்லை, முறிந்தும் போகும். இதில் எனக்குச் சிரிப்பு வந்த ஒரு சங்கதி உண்டு. பொக்ஸர் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி, பேர்டன் ஓர் அமெரிக்கர். இருவரும் 1860களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தத்தம் முறையைக் கண்டுபிடித்தார்கள். இன்று அமெரிக்கர்கள் ஆங்கிலேயருடைய முறையையும், ஐரோப்பியப் படைகள் பெரும்பாலும் அமெரிக்கருடைய முறையையும் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மீள்நிரப்பல் பரவியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டேன். அழுத்தும் இயந்திரம் என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தேன். புத்தகம் என்றான். லைமன், ஹோர்னடி முதலிய நிறுவனங்களும் மருந்து தயாரிப்பாளர்களும் தங்கள் ஆய்வுகூடங்களில் அமுக்கத்தை அளந்து வெளியிடும் கைநூல்கள் அவை. ஒவ்வொரு சன்னத்துக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தொடக்க நிறை, உச்ச நிறை என இரண்டு எண்கள் அதில் இருக்கும். தொடக்க நிறையில் ஆரம்பித்து, சிறிது சிறிதாகக் கூட்டி, கோதில் அமுக்கத்தின் அறிகுறிகளைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஒருபோதும் உச்சத்தில் தொடங்கக்கூடாது. கழகத்தில் யாராவது ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தரும் அளவை அவன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான், வீட்டுக்கு வந்து குப்பையில் போடுவான். எழுதியவர் ஒரு தசமப் புள்ளியை மறந்திருந்தால் கேட்க ஆள் இல்லை. நான் இங்கே அளவு எழுதாததற்கு உள்ள மற்றக் காரணம் இதுவே. பரீட்சை வினாத்தாளில் தசமப் புள்ளி இடம்மாறிப் போனதைப் பார்த்த ஆசிரியன் நான்.

இயந்திரங்களில் மூன்று தினுசு உண்டு. ஒருமுறை கைப்பிடியை இழுத்தால் ஒரு கோதுக்கு ஒரு வேலை மட்டும் செய்வது முதல் வகை. அச்சுகளைச் சுழல்தட்டில் பொருத்தி மாற்றி மாற்றிச் செய்வது இரண்டாவது. ஒவ்வோர் இழுவைக்கும் ஒரு முழுத் தோட்டா வந்து விழுவது மூன்றாவது. மூன்றாவது வகை மணிக்கு நூற்றுக்கணக்கில் தரும் என்பதால் புதியவர்கள் பலர் நேரே அதற்குப் போகிறார்கள். மருமகன் முதல் வகையில்தான் தொடங்கினான், இன்றும் அதிலேயே இருக்கிறான். ஐந்து வேலைகள் ஒரே நேரத்தில் ஐந்து கோதுகளில் நடக்கும்போது எதைக் கண்ணால் பார்ப்பது என்பது அவனுடைய கேள்வி. எனக்கு அது நியாயமாகப்பட்டது. அவனுடையது ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் வார்ப்பிரும்பு இயந்திரம். அவனுக்குப் பின் அவன் பேரனும் பாவிக்கலாம் போலிருந்தது.

வேலை கழுவலில் தொடங்குகிறது. அரைத்த வால்நட் ஓட்டுத் தூளுக்குள் கோதுகளைப் போட்டு, ஒரு சட்டி மணிக்கணக்காக அதிரும். கரியெல்லாம் தூளில் ஒட்டிக்கொள்ள, பித்தளை வெளுத்து வரும். அந்தத் தூளைத் தட்டும்போது அவன் முகமூடி போட்டுக்கொள்வான், அதுவும் வீட்டுக்கு வெளியேதான். பிரைமரில் ஈயச் சேர்வை இருக்கிறது. வெடித்தபின் அந்த ஈயம் புழுதியாகக் கோதின் உள்ளே தங்கும், தூளோடு பறக்கும், மூச்சோடு போகும். மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கக்கூடாது, வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவாமல் பிள்ளையைத் தூக்கக்கூடாது என்பன அந்த வீட்டுச் சட்டங்கள். சட்டத்தைப் போட்டவள் அவன் மனைவி, என் மருமகள். அவள் ஒரு தாதி.

பின்பு ஒவ்வொரு கோதையும் விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். வாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கழிவு. சுடும்போது விரிவதும் அச்சில் நெருக்கப்படுவதுமாகப் பல தடவை போய்வந்தால் பித்தளை விறைத்துப்போகும், பிறகு வாயோரம் கிழியும். கம்பியை ஒரே இடத்தில் மடித்து மடித்து முறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தேறிய கோது முதலாவது அச்சுக்குள் போகிறது. டை என்று அவர்கள் சொல்லும் இந்த அச்சு, சுட்டதில் விரிந்த கோதைப் பழைய அளவுக்கு நெருக்கும். அதே இழுவையில் ஊசி இறங்கிப் பழைய பிரைமரைத் தள்ளிவிடும். உருக்கு அச்சு என்றால் கோதுக்கு எண்ணெய்ப் பசை பூச வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும். தங்ஸ்தன் காபைட்டு வளையம் உள்ள அச்சுக்கு நேரான உடல் கொண்ட கைத்துப்பாக்கிக் கோதுகளில் அந்தப் பசையே வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர் பணத்தைச் சேமிக்கக்கூடாத இடம் இது என்று சொன்னான். இரண்டாவது அச்சு கோதின் வாயைச் சற்றே விரிக்கும். சன்னம் ஓரம் சீவப்படாமல் உட்காருவதற்கு. அதற்குமேல் விரித்தால் வாய் சீக்கிரம் கிழியும்.

புதிய பிரைமர் வைப்பதில் எனக்கும் வேலை கிடைத்தது. சிறு கிண்ணங்களைக் கடுகு புடைப்பதுபோல ஒரு வரிப்பள்ளத் தட்டில் குலுக்கினால் எல்லாம் ஒரே முகமாகத் திரும்பும். வைத்தபின் கோதின் அடியை விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். பிரைமர் கோதின் மட்டத்துக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும், மேலே துருத்திக்கொண்டிருக்கக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலைக்கு அவன் என்னை அமர்த்தவில்லை. வெடிமருந்தைவிடப் பிரைமருக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது அவன் கட்சி. மருந்துக்கு நெருப்பு வேண்டும், பிரைமருக்கு ஒரு தட்டுப் போதும்.

மருந்து நிறுக்கும் நாளில்தான் நான் அந்த மேசையோடு ஒன்றிப்போனேன். அவர்கள் நிறுப்பது கிராமில் அன்று, கிரெயினில். 7000 கிரெயின் ஓர் இறாத்தல். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், அதாவது ஒரு குன்றிமணியிலும் குறைந்த பாரம். கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்குப் போகும் மருந்து சில கிரெயின்களே. அதில் பத்திலொரு கிரெயினைக் கவனிக்க வேண்டும். அது ஆறரை மில்லிகிராம். பாடசாலை ஆய்வுகூடத்தில் இரசாயனத் தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தாமல் நிறுக்கும் பிள்ளையை எத்தனை தடவை ஏசியிருப்பேன்! இங்கே மருமகனின் இலத்திரனியல் தராசு திறந்த மேசையில், வெப்பக்காற்று வரும் வாய்க்குக் கீழே இருந்தது. இயந்திரம் வெப்பக்காற்றை ஊதத் தொடங்கியதும் எண் தானாக ஏறியிறங்கியது. நான் ஒன்றும் பேசாமல் எழுந்து, ஒரு கடதாசிப் பெட்டியை வெட்டித் தராசுக்கு மூன்று பக்கமும் மறைப்புக் கட்டினேன். பிறகு நியம நிறைப்படியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பூச்சிய வழு இருந்தது. காலையில் சரியாக இருந்த தராசு மதியத்தில் விலகியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பத்துக் கோதுக்கும் ஒருமுறை நிறைப்படியை வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டான். முப்பது வருட ஆசிரியத் தொழிலில் என் சொல்லை இவ்வளவு விரைவாகக் கேட்ட மாணவன் வேறில்லை.

எதற்காக இவ்வளவு கவனம்? இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்து மூடிய இடத்தில் எரியும் விதம் அப்படி. அமுக்கம் கூடக்கூட அதன் தகனக் கதி கூடும். கதி கூடுவதால் அமுக்கம் இன்னும் கூடும். திறந்த தட்டில் கொளுத்தினால் சூ என்று எரிந்து அடங்கும் அதே பொருள், கோதுக்குள் ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் தன் வேலையை முடிக்கிறது. அமெரிக்க நியமத்தில் பொயின்ற் 38 ஸ்பெஷலுக்கு உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல், 9 மில்லிமீற்றருக்கு 35,000. உருவத்தில் சிறியது 9 மில்லிமீற்றர். கோதின் நீளம் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், மற்றதோ 29. சிறிய கோதுக்குள் இரட்டிப்பு அமுக்கம்.

இந்த நீள வித்தியாசத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. பொயின்ற் 38 ஸ்பெஷல் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், கரிமருந்து எனும் பழைய கறுப்பு வெடிமருந்தின் காலத்துப் பழக்கத்தோடு வந்த தோட்டா. கரிமருந்தைக் கோது நிறையப் போடுவார்கள். படுவான்கரையில் எங்கள் மாமனார் வழிப் போடியார் ஒருவர், அந்தக் காலத்துத் துவக்குக்குப் பித்தளைத் தோட்டாவைச் சிறங்கைக் கணக்கில் நிரப்பியதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்குத் தராசு தேவைப்படவில்லை, கரிமருந்து அந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். புகையில்லா மருந்து பொறுக்காது. அதே பெரிய கோதில் இப்போது போடுவது அடியில் சிறிதளவு மட்டுமே. மேலே மிஞ்சும் வெற்றிடத்தில், கவனம் பிசகினால், இரண்டாவது தடவையும் மருந்து விழும், வழிந்து காட்டிக்கொடுக்காது. இதனால் தொடங்குகிறவர்கள் கோதில் பாதிக்கு மேல் இடம் பிடிக்கும் பருத்த மருந்தைத் தெரிவுசெய்வது நல்லது. இரண்டு முறை போட்டால் அது வழிந்து மேசையில் கொட்டும்.

ஐம்பது துளையுள்ள பலகையில் கோதுகளை நிறுத்தி மருந்து போட்டபின், சன்னம் வைக்க முன், மின்சூளை அடித்து ஐம்பதின் உள்ளேயும் பார்க்க வேண்டும். மட்டம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கண் உடனே சொல்லிவிடும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துத் தகரம் மட்டுமே இருக்கலாம்; சாம்பல் நிறச் செதில்களாக ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு மருந்துகளின் எரியும் வேகம் வெவ்வேறாக இருக்கும். பெயர் ஒட்டாத பாத்திரத்தில் மிஞ்சியிருக்கும் மருந்தை என்னவென்று ஊகிக்க அவன் முயல்வதில்லை, கழித்துவிடுவான்.

அடுத்தது சன்னத்தை இருத்துவது. இங்கே வேணியர் இடுக்கிமானி வருகிறது. சன்னம் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்பதைத் தோட்டாவின் மொத்த நீளத்தால் அறிவார்கள். 9 மில்லிமீற்றரில் உள்ளே இருக்கும் இடமே கொஞ்சம். சன்னம் ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக உள்ளே போனாலும் அந்த இடம் குறுகும், அமுக்கம் எகிறும். மருந்தின் நிறை சரியாக இருந்தும் தோட்டா அபாயமாக மாறுவது இந்த வழியில்தான் என்பது எனக்குப் புதிய பாடம். கடைசியாக, விரித்த வாயைத் திரும்ப நெருக்குவது. ரிவோல்வர்த் தோட்டாவின் விளிம்பைச் சன்னத்தில் உள்ள பள்ளத்துக்குள் சுருட்டிவிடலாம். பிஸ்டல் தோட்டாவை அவ்வாறு சுருட்டக்கூடாது; அது துப்பாக்கியின் அறைக்குள் வாய் விளிம்பை ஊன்றித்தான் நிற்கிறது, சுருட்டினால் ஊன்ற விளிம்பு இராது. சரியாக வந்ததா என்று பார்க்க அவன் பிஸ்டலின் குழலைத் தனியே கழற்றி எடுத்து, தோட்டாவை அதற்குள் விழவிடுவான். டக்கென்று விழ வேண்டும், விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும்.

ஒரு பிழை நடந்தது. அதற்குக் காரணம் நான்.

ஒரு ஞாயிறு பிற்பகல் அவன் ரிவோல்வர்த் தோட்டாவுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தான். தங்கை தேநீர் ஊற்றி வைத்திருந்தாள். நான் படியில் பாதி இறங்கி நின்று, ஊரில் குளக்கட்டில் நின்று கூப்பிடுவது போலக் குரல் கொடுத்தேன். "மறுகா வாறன் மாமா" என்றான். நான் விடவில்லை, ஆறிவிடும் என்றேன். அவனும் தாய்மாமன் சொல்லைத் தட்டாமல் எழுந்து வந்தான். திரும்பிப் போய்த் தொடர்ந்தபோது எந்தத் துளையில் விட்டான் என்பது மறந்துவிட்டது. வெளியே போகும் அவசரத்தில் மின்சூளை அடித்துப் பார்க்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சுடுதளத்தில், பாதுகாப்புக் கோட்டுக்குப் பின்னால், காதுமூடியோடு நான் நின்றேன். பதினோராவது வெடி வெடியாகக் கேட்கவில்லை. ஈரத்துணியை ஒருமுறை அடித்ததுபோல ஒரு சத்தம். எனக்கு அதன் பொருள் தெரியாது. அவன் உடனே விரலை வெளியே எடுத்தான். துப்பாக்கியின் வாயை இலக்கை நோக்கியே பிடித்தபடி அசையாமல் நின்றான். பொறுப்பாளரைக் கையால் அழைத்தான். தோட்டாக்களை அகற்றிவிட்டுக் குழலுக்குள் ஒரு தடியை விட்டுப் பார்த்தபோது, சன்னம் உள்ளே பாதி வழியில் இறுகி நின்றது. மருந்து விழாத தோட்டா; பிரைமரின் வலு மட்டும் சன்னத்தை அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டும் விசையை இன்னொருமுறை அழுத்தியிருந்தால், பின்னால் வரும் சன்னத்துக்கு முன்னே வழி இல்லை. குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

வீட்டுக்கு வந்து அந்தத் தொகுதியில் மிஞ்சியிருந்த முப்பத்தொன்பது தோட்டாக்களையும் பிரித்தான். ஒவ்வொன்றையும் தராசில் வைத்தால் மருந்தில்லாதது தெரிந்துவிடாதா என்று நான் கேட்டேன். தெரியாது, கோதுக்குக் கோதும் சன்னத்துக்குச் சன்னமும் நிறையில் சிறு வேறுபாடு உண்டு, அந்த வேறுபாடுகள் சேர்ந்தால் ஒரு தோட்டாவின் மருந்து முழுவதையும் மறைத்துவிடலாம். சுத்தியல் வடிவில் உள்ள ஒரு பிளாஸ்ரிக் கருவிக்குள் தோட்டாவைப் பூட்டி மரக்குற்றியில் தட்டினால், சன்னம் தன் சடத்துவத்தால் கழன்று முன்னே விழும், மருந்தும் கொட்டும். முப்பத்தொன்பதையும் தட்ட அந்த இரவு போய்விட்டது. எல்லாவற்றிலும் மருந்து இருந்தது, இரட்டையாக எதிலும் இல்லை. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நிலவறைக் கதவுக்கு உள்ளே ஒரு கொண்டி போட்டிருந்தது.

பணம் மிச்சமாகுமா என்று வந்த பின் இங்கே நண்பர்கள் கேட்டார்கள். தோட்டா ஒன்றின் விலை குறையும் என்பது உண்மை. ஆனால் இயந்திரம், அச்சு, தராசு, இடுக்கிமானி என்று முதலில் போட்ட பணம் திரும்ப வருவதற்குள் அவன் முன்பைவிட இரண்டு மடங்கு சுடத் தொடங்கிவிட்டான். இந்தக் கணக்கை மருமகளிடம் இன்னும் காட்டவில்லை. மருந்தையும் பிரைமரையும் அவை வந்த பெட்டியிலிருந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், ஒன்றுக்கொன்று தள்ளி, வெப்பமும் ஈரமும் படாத மர அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறான். எங்கள் கடலோரக் கல்லடிக் காற்றில் உப்பே ஒரு கிழமையில் கசிந்து நீராகும். இந்த மருந்து இங்கே எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்தேன்.

புறப்படும்போது, ஞாபகத்துக்கு ஒரு வெற்றுக் கோது வேண்டுமா என்று கேட்டான். கட்டுநாயக்காவில் என் பயணப்பெட்டியைத் திறக்கும் சுங்க அதிகாரியின் முகத்தை நினைத்துப் பார்த்து, வேண்டாம் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவுகளில், அங்கே காலை ஆகும் நேரம் பார்த்து நான் அழைக்கிறேன். சில நாட்களில் மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். நான் மறுபடி முயல்வதில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து அவனே எடுத்து, "ஐம்பதும் பார்த்தாச்சு மாமா, இனிக் கதைப்பம்" என்பான்.